பருத்திக் காட்டிலே பன்றி வங்கி

கோட்டையை வளைக்கும் வேந்தன் முதலில் மதிலை இடிப்பதில்லை. உள்ளே நெல் போகும் வழியை அடைக்கிறான். பறம்பு மலையை மூவேந்தர் வளைத்த கதையைப் பள்ளிப் பருவத்திலேயே படித்தவர்கள் நாம். ஆதலின் முற்றுகை என்றதும் அகழியும் மதிலும் வேலும் வாளும் நம் கண்முன் வந்து நிற்கும். அகழியில்லை, மதிலில்லை, வேலுமில்லை. ஒரு தீர்மானம், அதன் கீழே சில கையொப்பங்கள், அவ்வளவே! இருபதினாயிரம் மக்களைப் பட்டினியில் வளைத்துப் போட்ட முற்றுகை ஒன்று உண்டு. நடந்த இடம், செல்வம் கொழிக்கும் நாடென்று உலகமே வாய்பிளந்து பார்க்கும் அமெரிக்கா. நடந்த ஆண்டு 1962.

அந்த முற்றுகையையும், அதனை முறியடிக்க எழுந்த எளியோரையும், எழுதப் படிக்க அரைகுறையாகவே கற்ற ஒரு பருத்திக்காட்டுப் பெண்மணி பன்றிகளைக் கொண்டு நடத்திய வங்கியையும் பற்றியே இங்கு எழுதுகிறோம். பன்றி என்றதும் முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. பன்றியைச் சுளிப்பதோடு நில்லாமல், அதனை வளர்ப்பவரையும் சேர்த்தே சுளிப்பவர் அவர்கள். அவர்களும் இதனைப் படிக்கவேண்டும் என்பது நம் விழைவு.

மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கிலே, மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையே பரந்து கிடக்கும் வண்டல் நிலத்தை டெல்டா என்று அழைப்பர். ஆண்டாண்டு காலமாக ஆறு கொணர்ந்து கொட்டிய கருமண். எதை ஊன்றினாலும் முளைக்கும். ஆனால் ஊன்றப்பட்டதெல்லாம் பருத்தி ஒன்றே. முதலில் அடிமைகளின் கைகள் பறித்தன. 1865-இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. அடிமை விடுதலை பெற்றான். நிலம் மட்டும் பண்ணையாரிடமே தங்கிவிட்டது. நிலமில்லா விடுதலைக்கு என்ன விலை? விடுதலை பெற்றவன் அதே பண்ணையின் வாரக்குடியானான். விதை பண்ணையாருடையது, ஏர் பண்ணையாருடையது, கோவேறு கழுதையும் பண்ணையாருடையது. மாவும் உப்பும் பண்ணைக் கடையில் கடன். அறுவடை முடிந்ததும் கணக்குப் புத்தகம் திறக்கப்படும். கணக்கை எழுதுபவன் பண்ணையாரின் ஆள். கேட்டுக் கொள்பவனோ எழுத்தறியாதவன். ஆண்டு முழுதும் உழைத்தவன் ஆண்டு முடிவிலே கடன்காரனாக வீடு திரும்புவான். வீடு என்றா சொன்னோம்? பண்ணையாரின் குடிசை அது. அந்தக் குடிசையின் வாயிற்படி வரையில் பருத்தி நடப்பட்டிருக்கும். பின்புறத்திலே நாலு செடி கீரை போடவும் இடம் விட்டுவைக்காத பண்ணைகள் பல. உலகின் மிக வளமான மண்ணிலே வாழ்ந்தவர்கள், உண்பதற்குக் கடையை நம்பி வாழ்ந்த விந்தை இப்படி விளைந்ததுதான்.

பருத்தி பறித்து முடிந்தால் வேலை இல்லை. பனிக்காலம் நாலைந்து திங்கள் நீளும். அந்நாட்களில் உயிரைப் பிடித்து வைத்திருந்தது நடுவண் அரசின் உபரி உணவு: மாவு, சோளமாவு, அரிசி, பால்பொடி போன்றவை. விளைபொருளின் விலை வீழாதிருக்க அரசே விலைக்கு வாங்கிக் குவித்த பண்டங்கள் அவை. ஏழைகளின் வயிற்றை எண்ணி வாங்கப்பட்டவையல்ல. சந்தையைக் காக்க வாங்கியதன் மிச்சம். மிச்சமாயினும் சோறு சோறுதானே! ஆனால் அதனைப் பங்கிடும் பொறுப்பு அந்தந்த மாவட்டக் குழுவின் கையில் இருந்தது. மாவட்டக் குழுவிலே அமர்ந்திருந்தவர்களைத் தேர்ந்தெடுத்தவர் வெள்ளையர். ஏனெனில் வாக்காளர் பட்டியலிலே கறுப்பர் பெயர் காண்பதரிது.

1962-இல் லெஃப்ளோர் மாவட்டத்தின் தலைநகரான கிரீன்வுட்டில் மாணவர் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர் சிலர் வந்து தங்கினர். வன்முறை நாடாத மாணவர் ஒருங்கிணைப்புக் குழு என்பது அவ்வியக்கத்தின் பெயர். அவர்கள் துப்பாக்கி கொண்டு வரவில்லை. வீடு வீடாகச் சென்று, ‘வாக்காளராகப் பதிவு செய்து கொள்ளுங்கள்’ என்றனர். அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். அவ்வாண்டின் பிற்பகுதியில் மாவட்டக் குழு கூடித் தீர்மானித்தது: இனி உபரி உணவு வழங்கப்பட மாட்டாது. செலவு தாங்கவில்லை என்பது வெளியே சொன்ன காரணம். ஏறத்தாழ 22,000 பேரின் பனிக்கால உணவு ஒரே தீர்மானத்தில் நின்று போயிற்று. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பதிவு அலுவலகத்தின் படியேறத் துணிந்தவர்கள் சிலரே. பட்டினி போடப்பட்டவர்களோ பல்லாயிரவர். ஒருவனை அடித்தால் அவன் மட்டுமே அஞ்சுவான். ஊரையே பட்டினி போட்டால், ‘உன்னால்தானே இது’ என்று ஊரே அவனைப் பார்க்கும். இந்தக் கணக்கைப் பண்ணையார்கள் நன்கறிந்திருந்தனர்.

ஆனால் கணக்கு பிழைத்தது. இயக்கத்தினர் வடநாட்டு நகரங்களுக்குக் குரல் கொடுத்தனர். மாதாகோயில்களிலும் கல்லூரி விடுதிகளிலும் தொழிற்சங்கங்களிலும் உணவுப் பண்டங்கள் திரண்டன. மிச்சிகனிலிருந்து மாணவர் இருவர் ஒரு வண்டி நிறைய உணவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு நெடுந்தொலைவு ஓட்டி வந்தனர். கிளார்க்ஸ்டேல் என்னும் ஊரிலே காவலர் மறித்தனர். வண்டியிலிருந்த மருந்தைக் காட்டி, போதைப்பொருள் கடத்தினர் என்று வழக்குப் போட்டுச் சிறையில் தள்ளினர்! தலைவலி மாத்திரையும் போதைப்பொருளாகும், அது கறுப்பனின் கையில் இருந்தால். மாணவர் இருவரும் வெளிவந்தனர். மீண்டும் வண்டி ஓட்டினர்.

டிக் கிரெகரி என்றொரு நகைச்சுவைக் கலைஞர். சிரிக்க வைத்துப் பொருளீட்டியவர். 1963 பிப்ரவரியில் அவர் தாமே ஒரு வானூர்தியை வாடகைக்கு அமர்த்தி, ஏறத்தாழ 7 டன் உணவை ஏற்றி மெம்பிஸ் நகருக்குக் கொணர்ந்தார். அங்கிருந்து சாலை வழியே கிரீன்வுட்டுக்குச் சென்றது. உணவு வாங்க மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். வரிசையில் நின்றவர்களுக்கு மாவுப்பையோடு ஒரு செய்தியும் வழங்கப்பட்டது: உன் உணவு ஏன் நின்றது தெரியுமா? உன்னிடம் வாக்கு இல்லாததால் நின்றது. அதுவரை பதிவு அலுவலகத்தை ஏறிட்டும் பாராதவர்கள் நூற்றுக்கணக்கில் அதன் வாயிலில் வந்து நின்றனர். பதிவானவர் மிகச் சிலரே எனினும் நின்றவர் பலர். பட்டினி போட்டு அடக்கப் பார்த்தார்கள், பட்டினியே பள்ளிக்கூடமாகிவிட்டது. வேறு வழியின்றி நடுவண் அரசு தலையிட, 1963 இளவேனிலிலே உணவு வழங்கல் மீண்டும் தொடங்கிற்று.

இனி, அடுத்த மாவட்டத்துக்குச் செல்வோம். பெயர் சன்பிளவர், சூரியகாந்தி என்று பொருள். பெயரென்னவோ அழகாகத்தான் இருக்கிறது! அந்த மாவட்டத்திலே 5,000 ஏக்கருக்கு மேல் பண்ணை வைத்திருந்தவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். அமெரிக்க மேலவையில் நீதித்துறைக் குழுவின் தலைவராக 1956 முதல் 1978 வரை வீற்றிருந்தவர். அதே மாவட்டத்தில் ரூல்வில் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையொன்றில் வாழ்ந்தவர் ஃபேனி லூ ஹேமர் அம்மையார்.

அவர் பிறந்தது 1917 அக்டோபர் 6. வாரக்குடிப் பெற்றோருக்குப் பிறந்த இருபது மக்களில் கடைக்குட்டி. ஆறு வயதிலே பருத்தி பறிக்கத் தொடங்கினார். தொடங்கிய விதத்தை அவரே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். சாலையோரம் விளையாடிக் கொண்டிருந்த சிறுமியிடம் பண்ணையார் வந்து, பருத்தி பறித்தால் பண்ணைக் கடையிலிருந்து தின்பண்டம் தருவதாக ஆசை காட்டினாராம். பசித்த குழந்தை பறித்தது, தின்பண்டம் கிடைத்தது. அன்று பிடித்த பருத்திச் செடி நாற்பது வயதைக் கடந்தும் அவர் கையை விடவில்லை! கறுப்பர் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆண்டுக்கு நான்கு திங்களே நடந்தது; வயலில் வேலை இல்லாத திங்கள்கள் அவை. ஆறாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது.

ஒருமுறை அக்குடும்பம் தலைநிமிரப் பார்த்தது. தந்தை அரும்பாடுபட்டுச் சேர்த்த காசில் சில கோவேறு கழுதைகளும் பசுக்களும் வாங்கினார். சொந்த ஏர், சொந்தப் பால்! ஒருநாள் காலை பார்த்தபோது தீவனத்திலே நஞ்சு கலக்கப்பட்டிருந்தது. விலங்குகள் மாண்டன. வெள்ளையன் ஒருவன் செய்த வேலை என்பதை ஊரறியும், கேட்பார் இல்லை. குடும்பம் மீண்டும் வாரத்துக்கே திரும்பிற்று. இந்நிகழ்ச்சியைப் படிப்போர் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஒரு குடிசையின் பின்புறத்திலே கட்டியிருக்கும் ஒரு விலங்கு ஆதிக்கக்காரனை ஏன் அவ்வளவு அச்சுறுத்தியது என்று எண்ணிப் பாருங்கள்.

1962 ஆகஸ்ட் 31. ரூல்வில்லிலிருந்து பதினெண்மர் ஒரு பேருந்திலே மாவட்டத் தலைநகராகிய இண்டியனோலாவுக்கு வாக்காளராகப் பதிவு செய்யச் சென்றனர். அவர்களில் ஹேமர் அம்மையாரும் ஒருவர். மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைக் காட்டி விளக்கம் எழுதச் சொன்னார்கள். சட்டம் பயின்றோரும் திணறும் பகுதி. தேறவில்லை என்று திருப்பி அனுப்பினர். திரும்பும் வழியில் காவலர் பேருந்தை நிறுத்தித் தண்டம் விதித்தனர். குற்றம் என்ன? பேருந்தின் நிறம் மிகவும் மஞ்சளாக இருந்ததாம். பள்ளிப் பேருந்து என மயங்க இடமுண்டாம்! அன்று மாலையே பண்ணையார் வந்து, பதிவு விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இன்றேல் வெளியேறு என்றார். அவருக்காகவன்று, தமக்காகவே பதிவு செய்யச் சென்றதாக அம்மையார் விடையளித்தார். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையைவிட்டு அன்றிரவே வெளியேறினார்.

அதன் பின்னர் அவர் பட்டதை விரித்தால் தனி நூலாகும். 1963 ஜூனில் வினோனா சிறையிலே அடித்த அடியில் அவர் உடல்நலம் நிலையாகக் கெட்டது. 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் நகரிலே நடைபெற்ற சனநாயகக் கட்சி மாநாட்டிலே அவர் அளித்த சாட்சியத்தைத் தொலைக்காட்சியில் நாடே கேட்டது. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அரசியல் வரலாறு எழுதுவோர் பலர் இந்த இடத்திலே வெற்றி முரசு கொட்டி நூலை மூடிவிடுகின்றனர். நாமோ இங்குதான் நூலைத் திறக்கவேண்டும் என்போம். வாக்கு வந்தது, அடுப்பு எரிந்ததா?

எரியவில்லை. எரிந்து கொண்டிருந்ததும் அணையத் தொடங்கிற்று. பருத்தி பறிக்கப் பொறிகள் வந்தன. களையை அழிக்க மருந்து வந்தது. நாளொன்றுக்கு 3 டாலர் கூலிக்குக் களைவெட்டி வந்தோர், 1967-இல் பண்ணைத் தொழிலாளருக்கும் மணிக்கு 1 டாலர் குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் வந்ததும், வேலையையே இழந்தனர். ஒரு டாலர் கூலி கொடுப்பதைவிடக் களைக்கொல்லி மலிவு என்று பண்ணையார் கணக்குப் பார்த்துவிட்டார். வேலை போனதும் குடிசையும் போயிற்று. வாக்குரிமை கேட்டவர் என்று தெரிந்தால் அந்தக் குடும்பம் முதலில் போகும்.

இதே வேளையில் உபரி உணவு முறையை நிறுத்தி, உணவுச் சீட்டு முறைக்கு மாறின பல மாவட்டங்கள். உணவுச் சீட்டுச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்ட நாள் 1964 ஆகஸ்ட் 31. அந்த மஞ்சள் பேருந்து சென்று சரியாக ஈராண்டு. நல்ல சட்டந்தான், கடைக்குச் சென்று வேண்டியதை வாங்கலாம். ஆனால் ஒரு முள் இருந்தது. சீட்டு இலவசமாகக் கிடைக்காது. குடும்ப வருவாய்க்கேற்ப ஒரு தொகையைக் கட்டினால் அதைவிடக் கூடுதல் மதிப்புள்ள சீட்டுக் கிடைக்கும். மிகவும் ஏழைக் குடும்பமாயினும் தலைக்குச் சிறு தொகையாவது கட்டியே தீரவேண்டும். வருவாயே இல்லாதவன் எதைக் கட்டுவான்? உபரி மாவு இலவசமாகக் கிடைத்தது. சீட்டோ காசு கேட்டது. பசியை ஒழிக்க வந்த திட்டத்திலே பசி மிகுந்தவனுக்கு இடமில்லாமற் போயிற்று! கூலியே இல்லாத வீட்டுக்கு வருவாய் இருப்பதாக எழுதி, அதற்கேற்பப் பணம் கேட்ட அலுவலர்களும் உண்டு.

1967 ஏப்ரலில் மேலவை உறுப்பினர்கள் ராபர்ட் கென்னடியும் ஜோசப் கிளார்க்கும் டெல்டாவுக்கு வந்தனர். வழக்கறிஞர் மேரியன் ரைட் அம்மையார் விசாரணையிலே எடுத்துரைத்ததை நேரில் காண வந்தனர். ஒரு குடிசையிலே தரையில் அமர்ந்து சிந்திக்கிடந்ததைப் பொறுக்கிக் கொண்டிருந்த குழந்தையின் அருகிலே கென்னடி குனிந்து அமர்ந்தார். தொட்டார், பேசினார், கன்னத்தைத் தடவினார். குழந்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. வயிறு வீங்கிய குழந்தை அது. ஆசிரியப் பணியில் இருப்போர்க்கு இதன் பொருள் உடனே விளங்கும். பசித்த பிள்ளை முரண்டு பிடிப்பதில்லை, கூச்சலிடுவதில்லை. மிகவும் அமைதியாக இருக்கும். மேற்பார்வைக்கு வருபவர் ஒழுக்கமான வகுப்பு என்று எழுதிவிட்டுப் போவார்.

அதே 1967-இல் ஹேமர் அம்மையாரின் வளர்ப்பு மகள் டோரதி, ஊட்டமின்றி நலிந்து, நோயுற்றாள். உள்ளூரில் மருத்துவம் மறுக்கப்பட்டது. நூறு கல்லுக்கு அப்பாலுள்ள மெம்பிஸ் நகருக்குக் கொண்டு போகும்போது உயிர் பிரிந்தது. நாடறிந்த தலைவியின் மகளுக்கு நேர்ந்த கதி இது.

அக்காலத்தில் சன்பிளவரை அடுத்த பொலிவார் மாவட்டத்திலே நடந்த ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மவுண்ட் பேயூ என்பது 1887-இல் முன்னாள் அடிமைகள் தாமே நிறுவிக்கொண்ட ஊர். அங்கே மருத்துவர் ஜாக் கைகர் அறுபதுகளின் பிற்பகுதியில் ஒரு மக்கள் நலவாழ்வு நிலையத்தை அமைத்தார். வந்த குழந்தைகளின் நோய்க்கெல்லாம் வேர் பசி. மருத்துவர்கள் என்ன செய்தனர் தெரியுமா? மருந்துச் சீட்டிலே பாலும் முட்டையும் இறைச்சியும் காய்கறியும் எழுதினர்! கடைக்காரர் சீட்டைப் பெற்றுப் பண்டம் கொடுத்தார். தொகையை மருந்துக் கணக்கிலே வாங்கிக்கொண்டார். தலைநகரத்து அதிகாரிகள் பதறினர்: மருந்துக்கென ஒதுக்கிய பணத்தை உணவுக்குச் செலவிடலாமா? ஊட்டக் குறைவு நோய்க்கு உணவே மருந்து என்றுதான் தாம் படித்த மருத்துவ நூல் கூறுகிறது என்று கைகர் விடையிறுத்தார். அதிகாரிகளிடம் மறுமொழி இல்லை.

எனினும் சீட்டெழுதிக் கொடுத்து எத்தனை நாள் ஊட்டுவது? ஜான் ஹேட்ச் என்னும் தொண்டர் ஊர்தோறும் மக்களைக் கூட்டிக் கேட்டார். மக்கள் சொன்னது எளிது: உழத் தெரியும், விதைக்கத் தெரியும், நிலம் இல்லை. நிலம் கிடைத்தால் எங்கள் காய்கறியை நாங்களே விளைத்துக்கொள்வோம். அதிலிருந்து பிறந்தது வட பொலிவார் மாவட்டக் கூட்டுறவுப் பண்ணை. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சேர்ந்தன. பருத்தியைத் தவிர வேறெதுவும் காணாத மண்ணிலே காய்கறித் தோட்டம் எழுந்தது.

ஹேமர் அம்மையாரின் எண்ணமும் இதே தடத்தில் ஓடியது. ஆனால் அவர் சற்று ஆழமாக உழுதார் என்பது நம் கருத்து. பசியைப் போக்குவதோடு, பசியைக் காட்டி அச்சுறுத்தும் வலிமையையே பறிக்க விரும்பினார் அவர். பனிக்காலத்துக்கென நானூறு புட்டிகளில் கீரையும் வெண்டைக்காய்ச் சாறும் அடைத்து வைத்திருக்கும் வீட்டாரை எவனும் மிரட்ட முடியாது, இன்னதைப் பேசு, இன்னதைச் செய் என்று எவனும் ஏவ முடியாது என்பது அவர் கூறிவந்த கருத்து. எவ்வளவு பெரிய அரசியலை எவ்வளவு சிறிய புட்டியில் அடைத்துவிட்டார் பாருங்கள்!

முதலில் பன்றிகள் வந்தன. டோரதி ஹைட் அம்மையார் தலைமையில் இயங்கிய நீக்ரோ மகளிர் தேசியப் பேரவை உதவிற்று. சற்றேறக்குறைய ஐம்பது பெட்டைப் பன்றிகளும் சில ஆண் பன்றிகளும் வாங்கப்பட்டன. இவற்றை அறுத்துப் பங்கிட்டிருந்தால் ஒரு கிழமை விருந்து. மறு கிழமை மீண்டும் பசி. அதற்கு மாறாக ஒரு வங்கி தொடங்கினர். ஆண் பன்றிகள் வங்கியிலேயே இருக்கும். சினைப்பட்ட பெட்டை ஒன்று ஒரு குடும்பத்துக்குக் கடனாகப் போகும். அது ஈனும் குருளைகள் குடும்பத்துக்கே சொந்தம். இரண்டை மட்டும் வங்கிக்குத் திருப்பித் தரவேண்டும். அந்த இரண்டும் வளர்ந்து வேறு குடும்பங்களுக்குப் போகும். (பன்றியின் குட்டியைக் குருளை என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு, மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு, ஆதலின் சொல்லி வைக்கிறோம்.)

இந்த வங்கியின் சிறப்பைச் சற்று நின்று நோக்கவேண்டும். பண்ணைக் கடையிலும் கடன் உண்டு. இங்கும் கடன் உண்டு. பண்ணைக் கடன் ஆண்டுதோறும் ஏழையை விழுங்கி வளர்ந்தது. இந்தக் கடனோ ஏழை வீட்டிலேயே வளர்ந்து, ஒன்று பத்தாகி, அதில் இரண்டு மட்டும் அடுத்த ஏழையின் வீட்டுக்கு நடந்து போயிற்று. கணக்குப் புத்தகத்தை எவரும் மறைத்து எழுத முடியாது. குருளைகளை விரல்விட்டு எண்ணிக் கொள்ளலாம். வாங்கியவர் தலைகுனிய வேண்டியதுமில்லை. அவரே நாளை கொடுப்பவர். சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பன்றி போய்ச் சேர்ந்தது. நஞ்சிட்டுக் கொல்லப்பட்ட அந்தப் பசுக்களையும் கழுதைகளையும் அம்மையார் மறந்திருப்பாரா?

1969-இல் 40 ஏக்கர் நிலம் வாங்கி விடுதலைப் பண்ணைக் கூட்டுறவு தொடங்கப்பெற்றது. விஸ்கான்சினிலிருந்த நற்பணிக் குழுவொன்று பணம் திரட்டியது. பாடகர் ஹாரி பெலஃபாண்டே போன்றோர் தம் புகழையே மூலதனமாகக் கொடுத்தனர். 1971 அளவில் பண்ணை 600 ஏக்கருக்கு மேல் விரிந்தது. அவரையும் பட்டாணியும், கீரையும் வெண்டையும், சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் விளைந்தன. உறுப்பினர் கட்டணம் திங்களுக்கு 1 டாலர். அந்த ஒரு டாலரையும் கட்ட முடிந்தவை ஏறத்தாழ முப்பது குடும்பங்களே. பெயரளவில் சேர்ந்திருந்த குடும்பங்களோ ஆயிரத்துக்கு மேல். கட்டாதவர்க்குக் காய்கறி இல்லை என்று சொல்லவில்லை. உணவுச் சீட்டு அலுவலகத்தையும் இந்தப் பண்ணையையும் அருகருகே வைத்துப் பாருங்கள்; இரண்டும் ஏழையிடம் ஒரு சிறு தொகை கேட்டன. இல்லை என்று ஏழை சொன்னபோது ஒன்று கதவை மூடிற்று. மற்றொன்று கூடையைக் கையில் கொடுத்தது. ஏழை வெள்ளையரும் வந்தனர், அவர்களையும் சேர்த்துக்கொண்டனர். பசிக்கு நிறமில்லை என்று மேடையில் பேசுவது எளிது. அடித்தவனின் உறவினன் வரிசையில் நிற்கும்போது அவனுக்கும் அளந்து போடுவது எளிதன்று.

பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டோர்க்கு வீடு கட்டவும் இக்கூட்டுறவு முனைந்தது. நீரும் கழிவறையும் உள்ள வீடுகள். குடியிருப்பவர் எப்படி வாக்களித்தாலும் ஒருவரும் வெளியேற்ற முடியாத வீடுகள். குறிப்பிடத்தக்க பணி எனினும், அதனை விரிக்க இங்கு இடமில்லை.

இதே காலத்தில் இதே மாவட்டத்தின் மறுபக்கத்தையும் காட்டாமல் இருக்க முடியவில்லை. விளைச்சல் மிகாதிருக்க, நிலத்தைப் பயிரிடாமல் போடுவோர்க்கு நடுவண் அரசு பணம் கொடுத்து வந்தது. ஈஸ்ட்லண்டின் பண்ணை ஆண்டொன்றுக்கு இலட்சம் டாலருக்கு மேல் அரசு உதவி பெற்றது. உழாதவனுக்கு இலட்சம், உழத் துடித்தவனுக்கு ஒரு டாலரும் இல்லை! வேளாண் செலவுக்குப் பணம் ஒதுக்கும் கீழவைக் குழுவின் தலைவரும் மிசிசிப்பிக்காரரே, ஜேமி விட்டன். பட்டினி என்று எவரேனும் பேசினால் அது மிகையுரை என்று மறுத்து வந்தவர் அவர். பசியைத் தீர்க்கும் சாவி, பசி இல்லை என்பாரின் மடியிலே இருந்தது.

விடுதலைப் பண்ணை நீடித்ததா? நீடிக்கவில்லை. 1971 பிப்ரவரியில் டெல்டாவிலே சூறாவளி சுழன்றடித்தது. பண்ணைக்கென இருந்த பணம் பாதிக்கப்பட்டோர்க்கே போயிற்று. அடுத்த ஈராண்டுகளில் வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வந்தன. நிலத்தின் அடமானத் தவணையைக் கட்டுவதற்காகப் பருத்தியும் சோயாவும் பயிரிட்டனர், அவை பொய்த்தன. பண்ணையை நிர்வகித்து வந்த ஜோசப் ஹாரிஸ் 1974-இல் மாரடைப்பால் மறைந்தார். அம்மையாரோ ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டியவர், நோயில் விழுந்தார். வரி பாக்கி ஏறிற்று. 1976-இல் நிலம் கைமாறிற்று.

வணிகம் அறியாதார் நடத்திய பண்ணை, வீழ்ந்தது இயல்பே என்று எழுதுவோர் உளர். நாம் அதனை ஏற்கவில்லை. குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஒருவர் தோளிலேயே முழுச்சுமையும் ஏறியிருந்தது. தொலைவிலிருந்து வந்த நன்கொடை, செய்தித்தாள்கள் வேறு செய்திக்குத் திரும்பியதும் மெலிந்தது. எவரிடமிருந்து தப்ப எண்ணினார்களோ அவர்களின் பயிராகிய பருத்தியையே கடனடைக்க நம்ப நேர்ந்தது. ஆனால் வணிகம் அறிந்த பெரும் பண்ணைகள் அதே வெள்ளத்திலும் அதே வறட்சியிலும் எப்படி நின்றன? அரசின் உதவித்தொகையும் வங்கியின் கடனும் முட்டுக் கொடுத்து நின்றன. பெரியவன் விழாதிருக்கக் கொடுக்கும் பணத்துக்கு மானியம் என்று பெயர். சிறியவன் கேட்டால் அதற்குப் பிச்சை என்று பெயர். ஏழு ஆண்டுகள் ஆயிரம் அடுப்புகளை எரிய வைத்ததைத் தோல்வி என்று எழுதுவோர், அந்த ஏழு ஆண்டுகளில் அங்கே வளர்ந்த குழந்தைகளைக் கேட்டபின் எழுதட்டும்.

ஹேமர் அம்மையார் 1977 மார்ச் 14 அன்று, அதே மவுண்ட் பேயூ ஊர் மருத்துவமனையில், 59ஆம் வயதில் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே புதிய உணவுச் சீட்டுச் சட்டம் நிறைவேறிற்று. சீட்டுக்குக் காசு கட்டவேண்டும் என்ற விதி நீக்கப்பட்டது. 1979 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்ததும், அதுவரை வாயிலிலே நின்றவர்கள் உள்ளே வந்தனர். டெல்டாக் குடிசைகளிலிருந்து எழுந்த குரல், அதனைப் பதிவு செய்த மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், ஊர்க் கூட்டங்கள் எல்லாம் சேர்ந்து பத்தாண்டுகளுக்கு மேல் முட்டித் திறந்த கதவு அது.

ரூல்வில்லிலே அம்மையாரை அடக்கம் செய்த இடம் இன்று ஒரு நினைவுப் பூங்கா. 2012-இல் அங்கே அவருக்குச் சிலை எழுப்பினர். அந்த நிலம் விடுதலைப் பண்ணைக் கூட்டுறவு வாங்கிய நிலம். பண்ணையாரிடம் போகாமல் தங்கிய பகுதி.